மூன்று தரம்

ஏலம் என்றால் யாராவது கூவ வேண்டும்.
இங்கே யாரும் கூவவில்லை.
ஊர் முழுக்க ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்த இரவில்
கடிகாரம் மட்டும் பத்திலிருந்து இறங்கி வந்தது.
பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒற்றை விரலால் நாற்பத்தொன்று என்றேன்.
நாற்பது வரை வந்த யாரோ
அந்த நேரம் கோல் விழுந்து கத்திக்கொண்டிருந்திருப்பார்.
ஐந்து குதிரைத்திறன் படகு மோட்டார்
எனக்கு விழுந்தது.

மறுநாளே வங்கி இயந்திரத்தில் எடுத்தேன்,
இருபது இரண்டு. ஒற்றை யூரோ பெட்டியில் கிடந்தது.
உறையில் போட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகினேன்.
பதினாறாம் தடத்தின் ஒவ்வொரு வளைவிலும்
காசு சின்னதாகச் சத்தம் போட்டது.

ஹெய்மோ கர்ஹு எழுதினார்:
மோட்டார் கீழே விழுந்துவிட்டது, மூடி பிளந்துவிட்டது,
இதைப் போய் உங்களுக்கு விற்க மனசு வரவில்லை.
உடைந்தபடியே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
என் மைத்துனர்கள் மூவரும் வெல்டர்கள் என்றேன்.
எனக்கு மைத்துனரே கிடையாது.

இரண்டு நாளில்
உடைந்த மோட்டாரை அவருடைய மைத்துனர் கேட்கிறாராம்.
குடும்பத்துக்குள் சங்கடமாம்.
என் மூவரைப் பார்த்து
அவருக்கும் ஒருவர் முளைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பேச்சில்லை.
நான் எழுதியதற்கெல்லாம் கீழே
'படித்தார்', 'படித்தார்', 'படித்தார்'.

நிறுவனத்துக்கு எழுதினேன்.
இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
ஒரு தரப்பு பேசவில்லை என்பதுதானே புகார்.

'நாற்பத்தொரு யூரோவுக்கு இவ்வளவா?' என்றாள் பிர்க்கோ,
ஷிஃப்ட் மாறும் இடத்தில் காபியை ஊதிக்கொண்டு.
அவள் கணக்கு சரிதான்.
ஆனால் ஐந்து நாற்பதுக்கு வருவேன் என்று
என் பெயரில்லாமல் ஒரு பலகையில் அச்சிட்டிருக்கிறார்கள்.
மைனஸ் இருபத்தெட்டில்,
ஆளே இல்லாத நிறுத்தத்தில்,
ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறந்து
குளிரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

மே பிறந்ததும் மோட்டார் மறுபடி ஏலத்துக்கு வந்தது.
உடைந்துபோன, மைத்துனர் கொண்டுபோன அதே மோட்டார்.
நீல மூடியில் மீன்முள் மாதிரி அதே கீறல்.
பிளவு எதுவும் இல்லை.
இந்தத் தடவை மெழுகு போட்டுத் துடைத்து
நல்ல வெயிலில் படம் பிடித்திருந்தார்.
பதினெட்டுப் பேர் கவனிக்கிறார்கள் என்றது திரை.
அதில் ஒன்று நான்.

கடைசி நிமிடத்தில் விரலை மடியில் வைத்துக்கொண்டேன்.
முப்பத்தாறு.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று
நானே வாய்க்குள் கூவிப் பார்த்தேன்.
மூணு தரம்.
லவுரி என்று ஒருவருக்கு விழுந்தது.

அரை மணிகூட ஆகவில்லை.
இரண்டு மாதமாக ஊமையாயிருந்த பெட்டியில் எழுத்து ஊர்ந்தது.
அன்புள்ள தைமி,
மோட்டார் சரியாகிவிட்டது.
மைத்துனர் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.
நாற்பத்தொன்றுக்கு இன்னும் தயார்தானா?

நான் படகின் பக்கத்தில் நின்றிருந்தேன்.
கல்லவேசி ஏரியில் கடைசிப் பனிக்கட்டிகள்
கண்ணாடி வளையல் போல் கரையில் உரசிக்கொண்டிருந்தன.
கோட்டுப் பையில் அந்த உறை,
நாணயத்தின் வட்டம் காகிதத்தில் அழுக்காகப் பதிந்திருந்தது.
பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது.
ஐந்து குதிரைகள்.
தீவுக்கு இருபது நிமிடம்.

எழுதினேன்:
மூன்று தரம் ஆகிவிட்டது.
முப்பத்தாறுக்கு லவுரியிடம் கொடுங்கள்.
மைத்துனருக்கு என் அன்பு.

'படித்தார்.'

துடுப்புகளைத் தூக்கிப் போட்டுப் படகைத் தள்ளினேன்.
ஒன்று மற்றதைவிட ஒரு சாண் குட்டை.
தீவுக்குப் போக
தீவுக்கு வலப்பக்கம் குறிவைக்க வேண்டும்.